மாணிக்கவேலு நாயக்கரும் ஆறு பேர் கட்சியும்

(திருமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சட்டசபையில் நம் சமூகத்தார் ஒருவருடைய அரசியல் வாழ்வைப் பற்றிப் பேசுக என்று சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். பொருளைத் தந்தனரேயன்றி ஆளைக் குறித்தாரில்லை. ஆளைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு எம்முடையதாயிற்று. கடலூர் ஸ்ரீமான் எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சியாரைப் பற்றியே யாம் பேசுவோம் என்று உங்களிற் பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவருக்கு 2019-ஆம் ஆண்டில் கடலூரில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த செப்டம்பர் 16-ஆம் தேதி அரசாங்க விழாவாகக் கொண்டாடப்படுகிறது. அவருடைய பெருமையைச் சொல்ல ஆட்கள் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்டது, இந்த வட ஆர்க்காட்டுச் சீமையில் நம்மவரைத் திரட்டியவரும், பத்து ஆண்டுகள் வருவாய் இலாகாவை வகித்தவரும், அவ்வாறிருந்தும் நம் மேடைகளில் அரிதாகவே பெயர் சொல்லப்படுபவருமாகிய ஸ்ரீமான் எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரை.

பெயர் சொல்லப்படாமைக்குக் காரணம் நாம் அறியாததன்று. "கட்சியை விற்று மந்திரி வேலை வாங்கினார்" என்னும் ஒரு வசைச்சொல் நம் பெரியவர்கள் வாயில் நெடுங்காலம் இருந்தது. ஆரணியில் பட்டுத் தறியிலமர்ந்திருக்கும் கிழவர் ஒருவர் எம்மிடமே அதனைச் சொன்னார். நாடாவை நிறுத்தாமலே சொன்னார். அவ்வசை நியாயந்தானா, நியாயமாயின் எவ்வளவு நியாயம் என்பதை விசாரிப்பதே இன்று எமது நோக்கம்.

நாம் கூடியிருக்கும் இடத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நமக்குப் பின்னே நிற்கும் இம்மலையில் குந்தவை பெயரால் அமைந்த ஜினாலயம் இருக்கிறது. பதினாறு அடிக்கு மேல் உயர்ந்த நேமிநாதர் நிற்கிறார். முதலாம் ராஜேந்திர சோழன் கங்கை வரை வென்ற நாடுகளின் பட்டியல் இம்மலைப் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. வென்ற தேசம், கொண்ட திறை, கொடுத்த தானம் எல்லாம் ஆயிரம் ஆண்டாக எழுத்தில் நிற்கின்றன. இதனை இங்கே எதற்காகச் சொல்லுகிறோம் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் நம் சங்கத்தின் பழைய நிலையைச் சுருங்கச் சொல்லவேண்டும். 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நம்மை க்ஷத்திரியர் என்று எழுதவேண்டுமென்று நம் முன்னோர் விண்ணப்பம் செய்துகொண்டனர். அதன்பின் ஒவ்வொரு குடிக்கணக்கின்போதும் இதே முயற்சி. சபைகள் கூடின, வம்ச வரலாறுகள் அச்சாயின, விருதுகளும் பட்டங்களும் ஆராயப்பட்டன. யாம் அவற்றை இகழவில்லை. இழிவாகப் பேசப்பட்ட ஒரு சமூகம் முதலில் தன் பெயரைத்தான் திருத்திக்கொள்ள விரும்பும். ஆயினும் பெயருக்காக எண்பது ஆண்டு உழைத்த நாம், நிலத்துக்காகவும் பள்ளிக்காகவும் அக்காலத்தில் எத்தனை நாள் உழைத்தோம் என்று கேட்டால் விடை சொல்லுதல் அரிது. சென்னை ராஜ்யத்தின் வட ஜில்லாக்களாகிய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு, சேலம் ஆகிய நான்கிலும் நாம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் என்று ஆராய்ந்தோர் கூறினர். அத்தனை பேரில் சட்டசபைக்குப் போனவரை விரலில் எண்ணிவிடலாம்.

வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டு என்னும் ஏற்பாடு வரப்போகிறது என்று தெரிந்த உடனே காற்றுத் திசை மாறிற்று. 1949-இல் தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தேர்தலில் நம்மவர் தனித்து நின்று 52 ஸ்தானங்களில் 22-ஐக் கைப்பற்றினர். அதுவரை காங்கிரஸ் மகாசபையின் அபேட்சகர் பட்டியலில் இடங்கேட்டு நின்றவர்கள், இனிக் கேட்டு நிற்கவேண்டுவதில்லை என்று கண்டுகொண்டனர். 1951-இல் சமூகத்தின் பெரிய மகாநாடு கூடிற்று. உழைக்கும் மக்கள் யாவரோடும் சேர்ந்து தேர்தலில் நிற்பது என்று தீர்மானமாயிற்று.

தீர்மானம் ஒன்று, கட்சி இரண்டு! தெற்கே படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை நடத்தினார். வடக்கே, வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும், வழக்கறிஞராயிருந்த நாயக்கர் காமன்வீல் கட்சியை அமைத்தார். பொதுநலம் என்பது அதன் பொருள். இரண்டுக்கும் கொள்கையில் பெருத்த பேதம் இருந்ததாக யாம் காணவில்லை. ஆளும் ஊரும் வேறு, அவ்வளவே. பங்காளிகள் ஒரே நிலத்தில் இரண்டு ஏற்றம் போட்டது போலாயிற்று என்று சொன்னால் இச்சபையில் ஒருவரும் வருந்தமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

1952 ஜனவரியில் தேர்தல் நடந்தது. அக்காலத்துச் சென்னை ராஜ்யத்தில் ஆந்திரமும் மலையாளக் கரையும் கன்னடப் பகுதியும் சேர்ந்திருந்தன. சட்டசபை ஸ்தானங்கள் 375. காங்கிரஸ் பெற்றது 152 மட்டுமே. உழைப்பாளர் கட்சிக்கு 19. காமன்வீல் கட்சிக்கு 6. பார்லிமெண்டுக்கும் முன்னதிலிருந்து நால்வரும் பின்னதிலிருந்து மூவரும் சென்றனர். முதன்முறை தேர்தலைக் கண்ட ஒரு சமூகத்துக்கு இது அற்பமான வெற்றியன்று.

இத்தேர்தலில் மற்றொரு சங்கதியும் உண்டு. அப்பொழுது மூன்று ஆண்டும் நிரம்பாத திராவிட முன்னேற்றக் கழகம் தான் தேர்தலில் நிற்கவில்லை. தன் கோரிக்கைகளை ஏற்றுக் கையெழுத்திட்டுத் தருவோருக்கு ஆதரவு தருவதாகச் சொல்லிற்று. நம் இரு கட்சியாரும் அந்த ஆதரவைப் பெற்றனர். கழகப் பிரசங்கிகள் நம் அபேட்சகர்களுக்காக ஊர் ஊராகப் பேசினார்கள். இதனை மனத்திற் கொள்ளுக, பின்னால் வேண்டியிருக்கும்.

ஆட்சி அமைக்க ஒருவருக்கும் பலமில்லை. 1952 ஏப்ரல் 10-ஆம் தேதி ராஜாஜி முதன்மந்திரியானார். அவருடைய மந்திரி சபையில் காங்கிரஸை எதிர்த்து நின்று வென்ற மாணிக்கவேலு நாயக்கர் நிலவருவாய் மந்திரியாக அமர்ந்தார். படையாட்சியாரின் கட்சி மந்திரி சபையிற் சேராமல் வெளியே நின்றது. தேர்தலில் உடன் உழைத்த கழகத்தார் கடுங்கோபங் கொண்டனர். கொள்வதற்கு அவர்களுக்கு நியாயம் இருந்தது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கியவன், அதே கை வேறு தாளில் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திடுவதைக் கண்டால் வேறென்ன செய்வான்? நம் குலத்தார் செய்தது என்பதற்காக இதனை யாம் மறைத்துப் பேசமாட்டோம். கொடுத்த வாக்கு மீறப்பட்டது.

ஆனால் "விற்றார்" என்னும் சொல்லுக்கு வருவோம். விற்பதென்றால் விலை இருக்கவேண்டும். அந்த விலையைச் சிறிது கணக்குப் பார்ப்போம்.

375 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு வேண்டியது 188. காங்கிரஸிடம் இருந்தது 152. குறைவு 36. ஏப்ரல் மாதத்தில் நாயக்கரிடம் இருந்த 6, அந்தக் குறைவில் ஆறில் ஒரு பங்கு. அன்று ஒவ்வொரு தலைக்கும் பொன்விலை. ஜூலை 3-ஆம் தேதி ராஜாஜி சபையின் நம்பிக்கையைக் கோரினார். ஆதரவாக 200 பேர், எதிராக 151 பேர். வித்தியாசம் 49. நம் ஆறு பேரும் எழுந்து எதிர்ப்பக்கம் போயிருந்தாலும் 194-க்கு 157. மந்திரி சபை அசைந்திராது! ஏப்ரலில் பொன்னாயிருந்தது மூன்று மாதத்திற்குள் பித்தளையாயிற்று. சிறிய கட்சியின் பேரம் எத்தனை நாள் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு யாம் கண்டதில்லை. அறுவடைக்கு மறுநாள் கூலியாளை ஒருவரும் தேடுவதில்லை.

இந்நிலையில் ஏப்ரலில் கிடைத்ததை நாயக்கர் பெற்றுக்கொண்டது தவறா? பெறாமல் ஆறு பேரோடு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கம்யூனிஸ்டுகள் 62 பேர் அங்கே இருந்தனர். அவர்கள் குரலுக்கு நடுவே ஆறு பேர் குரல் எவ்வளவு தூரம் கேட்டிருக்கும்? யாம் அறிந்த மட்டில் அவர் எடுத்த இலாகா வேறு எதையும்விட நமக்கு வேண்டிய இலாகா. நிலம், பட்டா, தீர்வை, குத்தகை, ஜமாபந்தி எல்லாம் அதற்குள். நம் மக்கள் அன்று ஏரிப்பாசனச் சிறு நிலத்தையும் மானாவாரிக் காட்டையும் நம்பி வாழ்ந்தவர். சொந்தமாக ஏர் வைத்திருந்தவருக்கும் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழவேண்டியிருந்தது. ஆகவே அவர் வாங்கியது வெறும் நாற்காலியன்று என்று யாம் சொல்வோம்.

அந்த நாற்காலியிலிருந்து நடந்தது என்ன என்று பார்ப்போம். இதில் சற்று நின்று பேச விரும்புகிறோம். ஏனெனில் வசை பாடுவோரும் புகழ் பாடுவோரும் இதைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள்.

1952 ஆகஸ்டில் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. அது ராஜாஜியின் முயற்சி. ஆனால் நிலவருவாய் மந்திரி நம்மவர். அதனால் தஞ்சைப் பண்ணையாட்களுக்கே அதிகப் பயன். வட ஆர்க்காட்டுக்கு நேராக ஒன்றுமில்லை. குலக்கல்வி என்று தூற்றப்பட்ட ஆரம்பக் கல்வித் திட்டத்தால் ராஜாஜி 1954-இல் விலகினார். ஏப்ரல் 13-ஆம் தேதி ஸ்ரீ காமராஜர் முதன்மந்திரியானார். அவருடைய மந்திரி சபை எட்டே பேர் கொண்டது. அந்த எட்டில் இருவர் நம்மவர்: நிலவருவாய்க்கு நாயக்கர், ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் படையாட்சியார். எட்டில் இரண்டு! பல ஆண்டு விண்ணப்பங்கள் சாதியாததை இரண்டு ஆண்டில் ஓட்டுச் சாதித்தது.

அதன்பின் 1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்தபடி வெளியேற்றலாகாது என்னும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-இல் நியாயமான குத்தகைச் சட்டம் வந்தது. நன்செய்யில் நிலச்சொந்தக்காரர் பெறத்தக்கது மொத்த விளைவில் நூற்றுக்கு 40. புன்செய்யில் மூன்றில் ஒரு பங்கு. சரிபாதியும் அதற்கு மேலும் அளந்து பழகிய களத்தில் இச்சட்டம் என்ன செய்யவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 1957 தேர்தலுக்குப் பின்னும் நாயக்கர் வருவாய் இலாகாவிலேயே தொடர்ந்தார். நில உச்சவரம்பு மசோதா 1960 ஏப்ரல் 6-ஆம் தேதி சட்டசபைக்கு வந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது வரம்பு. விலக்குகள் மிகுதியாயிருந்தமையாலும், நிலம் பிறர் பெயருக்கு மாறிவிட்டமையாலும் எதிர்பார்த்த உபரி கிடைக்கவில்லை என்று குறை கூறப்பட்டது. 1970-இல் வரம்பை 15 ஏக்கராகக் குறைக்கும்படியாயிற்று. இச்சட்டங்களையெல்லாம் தனியொருவர் சாதனை என்று யாம் சொல்லவில்லை. காங்கிரஸ் மகாசபையின் கொள்கையும், கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியும், தஞ்சையின் குமுறலும் அவற்றைக் கொண்டுவந்தன. ஆயினும் 1952 முதல் 1962 வரை தமிழ்நாட்டு உழவனைப் பற்றிய ஒவ்வொரு பெரிய சட்டத்தின்போதும் வருவாய் மந்திரியின் ஆசனத்தில் இருந்தவர் நம் சமூகத்து வழக்கறிஞர் ஒருவர். மந்திரி வேலையை மட்டும் விரும்பியவர் அந்த இலாகாவில் பத்து ஆண்டு தரித்திருக்கமாட்டார். அங்கே நிலச்சுவான்தார் ஒருபுறமும் குடியானவர் ஒருபுறமும் இழுப்பார்கள். மாலையும் மரியாதையும் கிடைக்கும் இலாகா வேறு.

இப்படியிருக்க, நம் ஜனங்கள் இதனை ஏன் அறியாமற் போயினர்? எம் குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்ல அனுமதி தாருங்கள். எம் பாட்டனார் ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நன்செய்யை வாரத்துக்கு உழுதுவந்தார். நிலச்சொந்தக்காரர் பெயர் இங்கே வேண்டாம், அவரும் போய்விட்டார். பேச்சுதான் ஒப்பந்தம், களத்தில் மரக்காலால் அளந்து சரிபாதி கொடுப்பது வழக்கம். 1956-இல் சட்டம் வந்தது. பாட்டனாருக்கு அது தெரியாது. 1957, 1958 என்று மேலும் பத்து ஆண்டுகளுக்குமேல் சரிபாதியே அளந்துகொடுத்தார். நூற்றுக்கு நாற்பது என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், தாம் உழுவதற்கு அடையாளமாகக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. பின்பு நிலம் கைமாறிற்று, "நீ யார்?" என்று கேட்டார்கள். அவர் விடை சொல்லாமல் ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எம் தந்தையார் ஆரணிக்குப் போய்ப் பட்டுத் தறியில் கூலிக்கு அமர்ந்தது அதன் பின்னர்தான். இவ்வூரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஏர் விட்டுத் தறிக்குப் போன குடும்பங்கள் எத்தனை! அவற்றுள் எத்தனை இவ்வண்ணம் போயின என்று யார் எண்ணினார்கள்?

குத்தகைதாரர் உரிமையைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்னும் சட்டம் 1969-இல்தான் வந்தது. பாதுகாப்புச் சட்டத்துக்கும் பதிவுச் சட்டத்துக்கும் நடுவே பதினான்கு ஆண்டு. வழக்கறிஞராகிய நாயக்கருக்குப் பதிவில்லாத உரிமை கோர்ட்டில் எவ்வளவு நிற்கும் என்பது தெரியாதிருக்காது. வெளியேற்றலாகாது என்று சட்டம் செய்யும்போதே யார் உழுகிறான் என்று எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்திருக்கவேண்டும். செய்யாதது அவர் காலத்துக் குறை என்றே யாம் கருதுகிறோம். அவர்மீது எமக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். மந்திரி பதவி பெற்றதன்று.

ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டும் சங்கம் எங்கே போயிற்று? நம்மைப் பற்றிய இந்தக் கேள்வியைத்தான் நாம் தவிர்த்துவந்திருக்கிறோம். 1954-இல் நாயக்கர் காங்கிரஸிற் சேர்ந்தார். காமன்வீல் கட்சி கலைந்தது. அவ்வாறே உழைப்பாளர் கட்சியும் கலைந்தது. கட்சி கலைந்தது சரி. தலைவர் மந்திரியானபின் தனிக்கட்சி எதற்கு என்று சொல்லலாம். ஆனால் கட்சியோடு சங்கமும் கிராமங்களில் தூங்கிப்போயிற்று. தேர்தலுக்காக ஊர் ஊராகத் திரிந்த அந்த வாலிபர்கள், கொடி கட்டியவர்கள், நடந்தே இருபது மைல் போய் ஓட்டுக் கேட்டவர்கள், 1956-இல் அச்சட்டத்தை ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுக்கொண்டு அதே ஊர்களுக்குப் போயிருந்தால் எம் பாட்டனார் சரிபாதி அளந்திருக்கமாட்டார். சட்டம் கோட்டையில் பிறந்தது. அதனைக் களத்துக்குச் சுமந்து வர ஆளில்லை. மந்திரி ஒருவர் ஒவ்வொரு களத்துக்கும் வரமுடியாது, வரவேண்டியது சங்கம். "நம்மவர் மந்திரியாகிவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் படுத்துக்கொண்டோம். விற்றார் என்று அவரைச் சொல்லுகிறவர்கள், உறங்கினோம் என்று தம்மையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வாலிபர்கள் உறங்கவில்லை; வேறிடம் போனார்கள். உழைப்பாளர் கட்சியினின்று சட்டசபைக்குப் போன ஸ்ரீ ஏ. கோவிந்தசாமி காங்கிரஸிற் சேர மறுத்துக் கழகத்துக்குச் சென்றார். 1967-இல் கழகம் ஆட்சிக்கு வந்தபோது அண்ணாதுரையவர்களின் மந்திரி சபையில் அவர் விவசாய மந்திரி. 1952-இல் கழகத்துக்குத் தந்த வாக்கு மீறப்பட்ட ஊர்களிலேயே கழகம் வேரூன்றியது. நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்டுக்கொண்டு அங்கே போகவில்லை.

நாயக்கருடைய பிற்கால வாழ்வில் ஒரு விசித்திரம் உண்டு. அதைச் சொல்லாமற் போக மனம் வரவில்லை. 1964-இல் அவர் சட்ட மேலவையின் தலைவரானார். 1970 வரை அப்பதவியில் இருந்தார். நடுவில் 1967-இல் ஆட்சி மாறிற்று. பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அண்ணாதுரையவர்கள் அந்த ஸ்தானத்தை விட்டு முதன்மந்திரியானார். சட்டசபைத் தேர்தலில் நில்லாதவராதலின் மேலவையின் அங்கத்தினரானார். ஆக, 1952-இல் எவருடைய ஆதரவைப் பெற்று வென்றபின் நாயக்கர் காங்கிரஸ் மந்திரி சபையில் அமர்ந்தாரோ, அவர் முதன்மந்திரியாக வந்து, நாயக்கர் தலைமை வகித்த சபையில் அமர்ந்தார்! பதினைந்து ஆண்டில் அரசியற் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. அந்த மேலவையும் 1986-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

படையாட்சியார் பிற்காலத்தில் 1980-இலும் 1984-இலும் திண்டிவனத்திலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றார், 1992-இல் காலமானார். அவரைப் பற்றி இவ்வளவில் நிறுத்துகிறோம்.

1952-இன் வழி மந்திரி சபை வழி. 1987-இன் வழி வேறு. அவ்வாண்டு செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் நம்மவர் சாலைகளில் இறங்கினர். இருபத்தொருவர் உயிர் துறந்தனர். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்னும் பிரிவு ஏற்பட்டு நூற்றுக்கு 20 ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் நம் வட ஆர்க்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்து நாம் திருவண்ணாமலைப் பகுதியிற் சேர்ந்தோம். 2021 பிப்ரவரியில் அந்த 20-க்குள் நமக்கென்று தனியே 10.5 என்று சட்டசபை சட்டம் செய்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. 2022 மார்ச் 31-ஆம் தேதி உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. காரணங்களுள் ஒன்று யாது? இத்தகைய உட்பிரிவுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட புள்ளிவிவரம் அண்மைக் காலத்ததன்று, போதுமானதன்று என்பது. எம் பாட்டனாரிடம் களத்தில் கேட்ட அதே கேள்வி: எழுத்து எங்கே? சட்டமும் நம் பக்கம் இருந்தது, சட்டசபையும் நம் பக்கம் இருந்தது; ஆனால் கணக்கு நம் கையில் இல்லை. இப்பாறையில் ராஜேந்திரனுடைய வெற்றிகள் இருக்கின்றன. இம்மலையடிவாரத்தில் ஆயிரம் ஆண்டாக உழுதவனுடைய பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

இதற்கு மற்றச் சமூகத்தாரைக் குறை கூறுவோர் நம் கூட்டங்களில் உண்டு. அந்தப் பேச்சு எமக்கு உடன்பாடன்று. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலுள்ள ஏனையோரும் நம்மைப் போலவே பட்டினி கண்டவர்கள். 1951-ஆம் ஆண்டு மகாநாட்டுத் தீர்மானத்திலேயே உழைக்கும் மக்கள் யாவரோடும் சேர்ந்து என்றுதான் எழுதினார்கள். காமன்வீல் என்ற பெயரில் சாதிப் பெயர் இல்லை என்பதையும் இளைஞர்கள் கவனிப்பாராக.

ஆகவே சங்கத்தின் முன்னே ஒரு பிரேரணையை வைக்கிறோம். போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டங்களில் நம் குடும்பம் ஒவ்வொன்றும் 1950-இல் என்ன நிலம் உழுதது, யார் பெயரில் பட்டா இருந்தது, எப்பொழுது அந்நிலத்தை விட்டது, இன்று என்ன தொழில் செய்கிறது, பிள்ளைகள் எதுவரை படித்தார்கள் என்பதைக் கேட்டு எழுதவேண்டும். தறிக்குப் போனவராயின் சொந்தத் தறியா, முதலாளியிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்வதா என்பதையும் எழுதவேண்டும். சொல்லக்கூடிய கிழவர்களும் கிழவிகளும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாள் மிகுதியாக இல்லை. கல்லூரியிற் படிக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறையில் இதனைச் செய்யலாம். செலவுக்கு எம் பங்காக ஒரு சிறு தொகையை இன்று பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம்.

மேலும், 1952 தேர்தலின்போது அச்சிட்ட நோட்டீஸ்கள், காமன்வீல் கட்சியின் ரசீதுகள், நாயக்கர் இப்பக்கம் வந்தபோது எடுத்த படம், குத்தகைச் சீட்டு, பழைய அடங்கல் நகல் ஆகியவற்றில் எதுவும் எவர் வீட்டுப் பரணிலாவது இருக்குமாயின் அன்புகூர்ந்து சங்கத்துக்குக் காட்டுங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். எம் வீட்டில் தேடிப் பார்த்தோம். பாட்டனாருடைய மரக்கால் ஒன்றுதான் அகப்பட்டது. தாள் ஒன்றும் இல்லை.